பிறந்த மண்ணில் உரிமை

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்குத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களுள் பலர் தமிழர்கள். அவர்களின் பிள்ளைகள் தோட்டத்து லயங்களிலேயே பிறந்து வளர்ந்தனர். நாடு விடுதலையை நெருங்கியபோது, இத்தகைய தோட்ட மக்கள் இந்நாட்டின் குடிமக்களா, பிழைக்க வந்த அயலாரா என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு விடை காண முயன்ற தலைவர்களுள் ஒருவர் துன் வீ.தி. சம்பந்தன். இவர் 1919ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955ஆம் ஆண்டு ம.இ.கா.வின் தலைவராகவும் தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

அரசியலமைப்பை வரைய 1956ஆம் ஆண்டு ரீட் ஆணையம் அமைக்கப்பட்டது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்று கட்சிகளும் கலந்து பேசி, விட்டுக்கொடுத்து, ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை ஏற்கப்பட்டது. விடுதலை நாள் முதல் மலாயாவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு என்பதும் ஏற்கப்பட்டது. அமெரிக்கா 1868ஆம் ஆண்டிலேயே தன் அரசியலமைப்பில் சேர்த்த கொள்கை இது. அதன் எல்லை எது என்ற விவாதம் அங்கு இன்றும் ஓயவில்லை.

பிள்ளைகளுக்குக் கிடைத்த உரிமை பெற்றோருக்குத் தானாகக் கிடைக்கவில்லை. அதுவரை குடியுரிமை பெறாதோர் விண்ணப்பம் செய்ய வேண்டியிருந்தது. இந்நாட்டில் பிறந்தோர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. ஆயினும், எழுதப் படிக்கத் தெரியாமலும் பத்திரங்கள் இல்லாமலும் பலர் அவ்வாய்ப்பைத் தவறவிட்டனர். 1962ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்புவழிக் குடியுரிமை கிடைத்தது. 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, பலர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது.

குடியுரிமை இருந்தும் குடியிருக்க இடமில்லாத நிலையையும் சம்பந்தன் கண்டார். அக்காலத்தில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். எனவே, அவர் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்குதாரர் ஆகுமாறு தொழிலாளர்களைத் தூண்டினார். மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையானது.

துன் சம்பந்தன் 1979ஆம் ஆண்டு மறைந்தார். சட்டம் உரிமையை வழங்கலாம்; அதைக் கேட்டுப் பெறும் விழிப்பும் ஒன்றுகூடிக் காக்கும் உறுதியும் மக்களிடமே இருக்க வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.