கேட்டு வாங்கிய நாற்காலி

விஞ்ஞானம் பயிலும் எனக்குத் தொழிற்சங்கத் தலைவரின் வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் நாளை ஆலைகளுக்குச் செல்லவிருப்பவர்கள். அங்கே நம்மைக் கலந்து முடிவு செய்வார்களா, முடிவு செய்தபின் தெரிவிப்பார்களா? இக்கேள்விக்கு விடை தேடியவர் ஜெர்மானியரான ஹான்ஸ் போக்லர்.

1875-இல் பவேரியாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையை இழந்தபின், சிறுவயதிலேயே பொன்தகடு அடிக்கும் தொழிலில் சேர்ந்தார். 1894-இல் உலோகத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1928-இல் நாடாளுமன்றத்தில் இடம்பெற்றார். 1933 மே 2-ஆம் நாள் இட்லர் ஆட்சி சங்கங்களை நசுக்கியது. போக்லர் சிறைப்பட்டார், 1944-இல் தலைமறைவானார்.

போருக்குப்பின் அவர் கண்ட உண்மை எளியது. நிலக்கரியும் எஃகும் சிலர் கையில் மட்டும் இருந்தால், அந்த வலிமை மீண்டும் கொடுங்கோலுக்கே துணைபோகும். ஆகவே நிர்வாகத்தில் தொழிலாளருக்குச் சமபங்கு கேட்டார். பிரிட்டிஷார் வசமிருந்த பகுதியின் எஃகு ஆலைகளில் 1947-இல் அது கிடைத்தது. 1949-இல் ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். ஆனால் 1950-இல் அந்தச் சமபங்கு பறிபோகும் நிலை எழுந்தது. உலோகத் தொழிலாளரிடம் வாக்கெடுத்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் வேலைநிறுத்தத்துக்கு இசைந்தனர். 1951 ஜனவரியில் பிரதமர் அடினாவர் போக்லருடன் பேசி உடன்பட்டார். வேலைநிறுத்தம் தேவைப்படவில்லை.

அடுத்த மாதமே போக்லர் மறைந்தார். சட்டம் ஏப்ரலில் நிறைவேறியது. ஆயிரம் பேருக்குமேல் வேலைசெய்யும் நிலக்கரி, எஃகு நிறுவனங்களில் மேற்பார்வைக் குழுவில் உரிமையாளர் தரப்பில் ஐவர், தொழிலாளர் தரப்பில் ஐவர், நடுவர் ஒருவர் என்பது அதன் ஏற்பாடு.

நாற்காலியில் அமர்ந்தால் சங்கத்தின் குரல் தணிந்துவிடாதா? இந்த ஐயம் பொய்யன்று. ஆட்குறைப்புக்கும் கையெழுத்திட நேரலாம். ஆயினும் போக்லர் அமரவும் தயங்கவில்லை. வேலைநிறுத்தம் என்னும் படைக்கலத்தைக் கைவிடவும் இல்லை. முதலாளியின் கருணையால் வந்த இடம் அவர் முகம் சுளித்தால் போய்விடும். சட்டத்தால் வந்த இடத்தை அவ்வாறு பறிக்க இயலாது.

நம் அரசியல் சட்டத்திலும் 1976-இல் சேர்க்கப்பட்ட 43அ பிரிவு, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற வழிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. ஆனால் அது நெறிகாட்டும் கோட்பாடு. நீதிமன்றம் ஏறிக் கேட்டுப் பெறக்கூடிய உரிமை அன்று. நண்பர்களே, நாளை நம்மை ஆலோசனைக்கு அழைத்தால் மகிழ்வோம். கூடவே, நம் சொல்லுக்கு அங்கே வாக்கு உண்டா என்றும் கேட்போம்.