அன்னை மார்கரீத்தா

ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் நிரப்பும் படிவத்தில் தாயின் தொழில் என்று ஓர் இடம் உண்டு. எங்களில் பலர் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். விடியுமுன் எழுந்து, எல்லாரும் உறங்கிய பின் படுக்கும் நம் அன்னையருக்குத் தொழில் இல்லையாம்! அடுப்படியிலேயே வாழ்ந்து புண்ணியவதியான ஒரு தாயின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் கோட்டை நினைத்து வெட்கப்பட்டோம். அவரே புனித தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா.

இத்தாலியின் வடபகுதியில் கப்ரீலியோ என்னும் சிற்றூரில், 1788-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செபங்களும் ஞானோபதேசமும் மனப்பாடம். 1812-இல், மனைவியை இழந்த பிரான்சிஸ் போஸ்கோவுக்கு வாழ்க்கைப்பட்டார். மூத்த தாரத்து மகன் அந்தோனியைத் தம் பிள்ளையாகவே ஏற்றார். பின்னர் யோசேப்பும் ஜானும் பிறந்தனர்.

1817-இல் கணவர் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அப்போது மார்கரீத்தாவுக்கு வயது 29. கடைக்குட்டி ஜானுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. வீட்டில் நோயுற்ற மாமியார். வெளியே கொடிய பஞ்சம். கையில் பணமிருந்தும் வாங்கத் தானியம் கிடைக்கவில்லை. இறுதியில் தொழுவத்திலிருந்த கன்றையே அறுத்துக் குடும்பத்தின் பசி தீர்த்தார். வசதியான இடத்திலிருந்து மறுமண வாய்ப்பு வந்தது. ஆனால் பிள்ளைகளை வேறொருவர் பொறுப்பில் விட வேண்டுமென்று தெரிந்ததும் மறுத்துவிட்டார்.

ஜான் படித்துக் குருவாக ஆசைப்பட்டான். வயலில் பாடுபட்ட அந்தோனிக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் ஓயாத சண்டை. 1828-இல், அமைதிக்காகத் தம் செல்ல மகனையே பண்ணை வேலைக்கு அனுப்பினார் அன்னை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வழியனுப்பிய அந்த நாளில் அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! பின்னர் சொத்தைப் பிரித்துக் கொடுத்து ஜானின் படிப்புக்கு வழி செய்தார். மகன் பணக்காரக் குருவானால் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1841-இல் ஜான் குருப்பட்டம் பெற்றார்.

தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக உழைத்த தொன் போஸ்கோ, 1846-இல் தம் தாயைத் துணைக்கு அழைத்தார். அன்னைக்கு வயது 58. சொந்த வீடும் பேரக்குழந்தைகளும் இருந்த வேளை. இருந்தும் நவம்பர் 3-ஆம் நாள் ஒரு கூடையைச் சுமந்துகொண்டு மகனோடு நடந்தே நகருக்குப் புறப்பட்டார். அவருடைய திருமண உடைகள் பூசை உடைகளாயின. மோதிரமும் தங்கச் சங்கிலியும் விலைக்குப் போயின. முன்பு படுக்க இடம் கொடுத்த சிறுவர்கள் போர்வைகளோடு ஓடிப்போயிருந்தார்கள். ஆயினும் 1847 மே மாதம், மழையில் நனைந்து வந்த ஓர் அனாதைச் சிறுவனுக்குச் சமையலறையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தார். படுக்குமுன் அவனுக்குச் சில நல்ல வார்த்தைகளும் சொன்னார். சலேசிய இல்லங்களில் இரவுதோறும் நல்லுரை சொல்லும் வழக்கம் அதிலிருந்தே தோன்றியது.

அன்னையும் ஒருநாள் மனமுடைந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. துவைத்து உலர்த்திய துணிகளைச் சிறுவர்கள் மண்ணில் தள்ளினார்கள். அவர் ஆசையாக வளர்த்த காய்கறித் தோட்டத்தை விளையாட்டில் மிதித்து நாசமாக்கினார்கள். ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று மகனிடம் முறையிட்டார். தொன் போஸ்கோ எதுவும் பேசவில்லை. சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அன்னையின் கண்கள் கலங்கின. மறுபேச்சின்றி மீண்டும் தம் வேலைக்குத் திரும்பினார். அவர் அன்று போயிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் ஏது?

1854-இல் தூரினில் காலரா பரவியபோது வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். எல்லாம் தீர்ந்தபின் பீடத் துணியையும் எடுத்துக் கொடுத்தார். 1856 நவம்பர் 25-ஆம் நாள், கணவரின் உயிரைக் குடித்த அதே நிமோனியாவால் 68-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மகன் தம் வேதனையைக் கண்டு துயருறக் கூடாதென்று, கடைசி நேரத்தில் அவரை அறையை விட்டுப் போகச் சொன்னார். ஏழைகளோடு பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டதால் அவருக்கென்று ஒரு கல்லறைகூட இல்லை.

அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1859-இல் சலேசிய சபை தோன்றியது. 1906-இல் அச்சபையினர் நம் தஞ்சாவூருக்கும் வந்தனர். 1934-இல் மகன் புனிதரானார். 2006-இல் திருச்சபை அன்னையை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. படிப்பறியாத அந்தத் தாய் அறிந்த தொழில் சமைப்பதும் துவைப்பதும் தைப்பதும் செபிப்பதுமே. அதைக் கொண்டே அவர் எத்தனையோ அனாதைகளுக்கு வீடானார்.

அன்புத் தோழியரே, இன்று மாலை வீடு திரும்பியதும் அம்மாவின் கையிலுள்ள வேலையில் ஒன்றையேனும் நாம் வாங்கிக்கொள்வோம். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்த இடத்தில் கோடு இழுக்காமல், இல்லத்தரசி என்று தெளிவாகவும் பெருமையோடும் எழுதுவோம்.