26 வயதில் முடிந்த வாழ்க்கை: தமிழ் நாவலுக்குள் ஊர்வம்பைக் கொண்டுவந்த ராஜமய்யர்

மதுரை தல்லாகுளம் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது உள்ளே போனால், திரும்பிய பக்கமெல்லாம் நாவல்கள்தான். 130 வருஷத்துக்கு முன்னால் நிலைமை வேறு. தமிழில் நாவல் என்று சொல்லக்கூடியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போது 21 வயது இளைஞர் ஒருவர், மதுரை ஜில்லா கிராமம் ஒன்றை வைத்து ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். அவர்தான் பி.ஆர்.ராஜமய்யர்.

யார் இவர்?

1872-ல் வத்தலகுண்டில் பிறந்தவர். மதுரையிலிருந்து கொடைக்கானல் போகும் வழியில் வருமே, அதே ஊர்தான். இப்போது திண்டுக்கல் மாவட்டம். அன்றைக்கு மதுரை ஜில்லா. பின்னாளில் பி.எஸ்.ராமையா, சி.சு.செல்லப்பா என்று எழுத்தாளர்களாகத் தந்த ஊர்.

மதுரையில் படித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சட்டமும் படித்தார். வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் வந்த காலம் அது. ஆனாலும், அவர் மனம் போனது இலக்கியத்திலும் வேதாந்தத்திலும்தான்.

என்ன எழுதினார்?

'விவேக சிந்தாமணி' மாத இதழில் 1893 முதல் 1895 வரை வெளிவந்தது 'கமலாம்பாள் சரித்திரம்'. 1896-ல் புத்தகமானது. தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-லேயே வந்துவிட்டது. ஆனால் அதில் நீதிக்கதைகளும் உபதேசமும் அதிகம். நம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னவர் ராஜமய்யர்.

கதை நடக்கும் ஊர் சிறுகுளம். வசதியான முத்துஸ்வாமி அய்யர், அவர் மனைவி கமலாம்பாள். ஊர்ப் பெண்கள் கூடி வம்பு பேசும் கூட்டத்துக்கு ராஜமய்யர் கிண்டலாக வைத்த பெயர், வம்பர் மகாசபை. இன்றைய வாட்ஸ்அப் குரூப் மாதிரிதான். ஒருவர் கொளுத்திப் போட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பொறாமையில் கிளம்பிய பேச்சு கடைசியில் கமலாம்பாளின் நடத்தை மீதே பழியாக வந்து விழுகிறது. குடும்பம் சிதறுகிறது. நாவலின் இன்னொரு தலைப்பே 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. அபவாதம் என்றால் வீண்பழி.

ஏன் முக்கியம்?

கதாபாத்திரங்கள் வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார்கள். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரை வாசகர்கள் இன்றும் சிரித்தபடி நினைவில் வைத்திருக்கிறார்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. நாவலின் பின்பாதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. முன்பாதியின் உயிர்ப்பு அதில் இல்லை என்று விமர்சகர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ராஜமய்யருக்கு அதுதான் முக்கியம். துன்பப்பட்ட ஒரு மனம் எப்படி அமைதி அடைகிறது என்பதைக் காட்டத்தான் அவர் கதையே எழுதினார்.

பத்திரிகையாளர் ஆனது எப்படி?

சுவாமி விவேகானந்தரின் சென்னைச் சீடர்கள் 1896 ஜூலையில் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார்கள். ஆசிரியர் பொறுப்பு 24 வயது ராஜமய்யருக்கு வந்தது. பெரிய ஆசிரியர் குழு எல்லாம் கிடையாது. பல கட்டுரைகளை வெவ்வேறு புனைபெயர்களில் அவரே எழுதி இதழை நிரப்பினார். அதிலேயே ஆங்கிலத்தில் ஒரு தொடர்கதையும் ஆரம்பித்தார். அதை முடிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

1898 மே 13 அன்று ராஜமய்யர் காலமானார். வயது 26. அவர் போனதும் இதழும் நின்றது. விவேகானந்தர் முயற்சியால், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இமயமலை அடிவாரத்து அல்மோராவிலிருந்து மறுபடி வரத் தொடங்கியது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905-ல் 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்று தொகுக்கப்பட்டன.

தமிழில் இரண்டாவது நாவல் எழுத அவர் இல்லை. ஆனால் ஊர் வாய்க்கு ஒரு குடும்பம் எவ்வளவு சுலபமாகப் பலியாகும் என்று அவர் எழுதியது, ஒரு ஃபார்வர்டில் ஒருவரின் மானம் போகும் இந்தக் காலத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.