'தென்னமரம்' தோட்டத்தில் செம்பனை நட்ட ஹென்றி ஃபோகோனியே: மூளை ஆய்வுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மருந்துக் கடைக்குப் போனால் 'டோகோட்ரையீனால்' என்று எழுதிய மாத்திரைக் குப்பி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். மறதி அதிகமாகிவிட்ட அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தும் இருப்பீங்க. செம்பனை எண்ணெயில் நிறைய இருக்கும் ஒருவகை வைட்டமின் ஈ அது. அந்தச் செம்பனையை மலேசியாவில் வணிகப் பயிராக்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

ஹென்றி ஃபோகோனியே 1879-ல் பிரான்ஸின் பார்பெசியூ என்ற ஊரில் பிறந்தார். இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சும் இசையும் கற்றுக்கொடுத்தார். போர்னியோவில் சவ்வரிசி மரம் வளர்த்தால் பணம் கொழிக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்துவிட்டு, 1905-ல் கப்பலேறினார். சிங்கப்பூர் வந்ததும் மனம் மாறியது. ரப்பர்தான் லாபம் என்று புரிந்தது. கிள்ளானில் ஒரு தோட்டக்காரரிடம் தொழில் பழகி, பிறகு சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பிடித்தார்.

செம்பனை அதற்கு முன்பே மலாயாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அழகுக்காக வளர்த்ததோடு சரி. 1911-ல் ஃபோகோனியே சுமத்ராவிலிருந்து விதை மூட்டைகளை அனுப்பினார். 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே வணிக நடவு தொடங்கியது. தோட்டத்தின் பெயர் தென்னமரம்! நம்ம பெயரைத் தாங்கிய மண்ணில்தான் நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் முளைத்தது.

முதல் உலகப் போரில் அவர் பிரான்ஸ் ராணுவத்தில் பணியாற்றினார். மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-ல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. 1973-ல் காலமானார்.

சரி, மூளைக்கு வருவோம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதய நோய் அபாயமும் மூளையின் வெண்பகுதியில் சேதமும் இருந்த 121 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 200 மில்லிகிராம் டோகோட்ரையீனால் தினமும் இருவேளை. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் சேதம் பெருகியது, டோகோட்ரையீனால் எடுத்தவர்களிடம் பெருகவில்லை. 2014-ல் 'ஸ்ட்ரோக்' மருத்துவ இதழில் இது வெளியானது.

நல்ல செய்திதான். ஆனால் அங்கே பார்த்தது ஸ்கேன் படத்தில் தெரிந்த சேதத்தை. போன நினைவு திரும்பியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அல்சைமருக்கோ பார்கின்சனுக்கோ இது அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இல்லை. சமையலில் செம்பனை எண்ணெயைக் கூட்டினால் அந்த அளவு கிடைக்கவும் கிடைக்காது.

அம்மா வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இன்னும் கவனம் தேவை. வைட்டமின் ஈ அளவு மிஞ்சினால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். குப்பியைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டிக் கேளுங்க.