உப்புக் கணக்கு எழுதிய கை



நம்ம கல்லூரியில் படித்தவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வாசத்தை மறக்க முடியாது. மத்தியான வெயிலில் கடற்காற்றோடு சேர்ந்து வகுப்பறைக்குள் வருமே, அந்த உப்பு வாசம். தூத்துக்குடி என்றால் துறைமுகம், முத்து, மக்ரூன், உப்பு என்று வெளியூர் நண்பர்களிடம் நாமும் வரிசையாகச் சொல்லுவோம். அந்த வரிசையில் ஒரு மனிதரின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு வினாடி வினா போட்டி. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர் பிறந்தது எந்த ஊர் என்று கேட்டாங்க. எங்க அணி கொஞ்சமும் யோசிக்காமல் மதுரை என்றது. மதுரை தமுக்கத்தில் அவர் சிலையைப் பார்த்திருந்ததால் வந்த தைரியம்! விடை தூத்துக்குடி. சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சொந்த ஊர்க்காரரைத் தெரியாமல் தோற்றோம். அந்த வெட்கம்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

அவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

கணக்கப்பிள்ளை மகன்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். தந்தையார் கம்பராமாயணத்தில் ஊறியவர். ஊர்க்காரர்கள் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைப்பார்களாம். பிள்ளைக்கு முதல் வாத்தியார் அவரே.

பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம் படித்தார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருடன் படித்தவர். பதினாறு வயசிலேயே வெண்பாவும் கலித்துறையும் எழுதும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

ஆனால் வெண்பா சோறு போடுமா? அந்தக் காலத்திலும் இதே கேள்விதான். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் சங்கரன் கணக்கர் ஆனார். வந்த மூட்டை, போன மூட்டை, இருப்பு என்று பேரேடு எழுதும் உத்தியோகம். மாசம் பிறந்தால் சம்பளம். நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் எதைத் தேடி ஓடினோமோ, அது அவருக்குச் சொந்த ஊரிலேயே கிடைத்திருந்தது.

வேலையை விட்டார்

1891ஆம் ஆண்டு, இருபத்து நாலாவது வயதில், அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனிக்குப் போனார்.

இன்றைக்கு ஒரு பையன் ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அன்றைக்கு நிலைமை இதைவிட மோசம். நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கிடைக்காது, பெண் கிடைக்காது, மரியாதையும் கிடையாது. அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த அமெச்சூர் சபை. நம்ம ஊர்க்காரர் சேர்ந்ததோ, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்றால்தான் மறுநாள் அடுப்பெரியும் என்ற தொழில்முறைக் கம்பெனி.

ராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் குழுவில் நடிகராகவும் ஆசிரியராகவும் வேலை தொடங்கியது. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று எல்லாம் பயங்கர வேடங்கள். ஆஜானுபாகுவான உடம்பு, கணீரென்ற குரல். மேடைக்கு வந்தால் முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடியில் முகம் புதைக்கும்.

வேஷம் கலைந்தது

அந்தத் திறமையே அவருக்குச் சோதனையாக வந்தது. இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள். நளதமயந்தி நாடகத்தில் விடிய விடிய சனீஸ்வரனாக நடித்துவிட்டு, வேஷம் கலைக்க இருட்டோடு நீர்நிலைக்குப் போயிருக்கிறார். அங்கே வந்த ஒரு பெண், கரிய உருவத்தைத் திடீரென்று கண்டு, பயத்தில் விழுந்து உயிர் விட்டுவிட்டாள். இன்னொரு முறை, சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்து ஆவேசத்தோடு பாசக் கயிற்றை வீசியபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது.

கைதட்டல் வாங்குகிற எந்த நடிகனும் இதைத் தன் நடிப்புக்குக் கிடைத்த சான்றிதழாகச் சொல்லிக்கொண்டிருப்பான். இவர் அப்படி நினைக்கவில்லை. வேஷம் போடுவதையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவர் வேலை, நாடகம் எழுதுவதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும். தமிழ் நாடகத்துக்கு ஒரு நல்ல நடிகர் நஷ்டம், ஒரு மாபெரும் ஆசிரியர் லாபம். பேரேடு எழுதியவர்தானே, வரவு செலவைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்!

சாமி நாயுடு கம்பெனியில் ஆசிரியராக இருந்தார். பிறகு புதுக்கோட்டை போய் மான்பூண்டியா பிள்ளையிடம் சேர்ந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்த மேதை அவர். லய நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்ததோடு, தம் பிள்ளையாகவே அவரை ஏற்றுக்கொண்டார். இடையில் சங்கரதாசருக்கு மனம் துறவில் திரும்பியது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. முருகன் தலங்களாக யாத்திரை போய்த் திரும்பியவரை எல்லோரும் சுவாமிகள் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

வாத்தியார்

அந்தக் காலத்து நாடகங்களில் பெரிய குறை, எழுத்துப் பிரதி இல்லாததுதான். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேடையில் யார் எப்போது என்ன பேசுவார் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வாய்க்கு வந்த வசனம், இடத்துக்குப் பொருந்தாத பாட்டு. சுவாமிகள் இதை ஒழுங்குக்குக் கொண்டு வந்தார். கதையைக் காட்சிகளாகப் பிரித்து, விருத்தம், வெண்பா, கீர்த்தனை, சிந்து, வசனம் எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் அமைத்து எழுதினார். திருக்குறளும் நீதி நூல்களும் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கும் காது வழியாகப் போய்ச் சேர்ந்தன.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, சதி அனுசூயா, லவகுசா, பிரகலாதன் என்று பட்டியல் நீளும். கிறிஸ்தவக் கதையான ஞானசௌந்தரியும் உண்டு. ஷேக்ஸ்பியரும் வடமொழி மிருச்சகடியும் கூட அவர் கையில் தமிழ் மேடைக்கு வந்தன.

பெரிய நடிகர்களிடம் கட்டுப்பாடு இல்லை, சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, குடிப்பழக்கம் வேறு. வெறுத்துப்போனவர் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா தம் சகோதரர்களோடு பயிற்சி பெற்றது அங்கேதான். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபா உருவானது. அந்த வருஷமே அதில் சேர்ந்த நாலு சகோதரர்கள் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர் எடுத்தார்கள். மூன்றாமவர் டி.கே.சண்முகம், சேரும்போது வயது ஆறு. ஔவை சண்முகி படப் பெயரைக் கேட்டுச் சிரித்த தலைமுறை நாம். அந்தப் பெயர் ஔவையாராக நடித்துப் புகழ் பெற்ற இந்தச் சண்முகத்துக்குச் செய்த மரியாதை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சண்முகத்தின் திறமையைப் பார்த்த சுவாமிகள், அவனைக் கதாநாயகனாக வைத்து ஒரு நாடகம் எழுத நினைத்தார். ராத்திரி உட்கார்ந்தார். விடிவதற்குள் அபிமன்யு சுந்தரி முடிந்துவிட்டது. பாட்டும் வசனமுமாக முழு நாடகம், அடித்தல் திருத்தல் கிடையாது. அசைன்மென்ட்டை ஒரே ராத்திரியில் எழுதி முடித்த சாதனையாளர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் நாம் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினோம்!

கோபக்காரர். பாடம் தப்பினால் பிள்ளைகளுக்கு அடி விழும். ஆனால் சொல் சொல்லாக உச்சரிப்பைத் திருத்துவார். அவர் கையில் வளர்ந்த பையன்களை எந்த மேடையிலும் தனியாக அடையாளம் காணலாம் என்பார்கள்.

பேச்சு நின்றது

பல நூறு பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவருக்குக் கடைசியில் வந்தது பக்கவாதம். கை காலோடு பேச்சும் போய்விட்டது. சபை ஊர் ஊராகப் போனபோது அவரையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் மேடையில் அவர் எழுதிய வசனத்தைப் பேசுவார்கள். அவரால் ஒரு வார்த்தை திருத்த முடியாது. 1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் இன்றும் அங்கே போய் வணங்குகிறார்கள்.

அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1934இல் பவளக்கொடி சினிமாவாக வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் திரையில் அறிமுகமானது அந்தப் படத்தில்தான். தமிழ் சினிமாவின் முதல் தலைமுறையில் பாதிப் பேர் பாய்ஸ் கம்பெனியில் இருந்து வந்தவர்கள். அந்தப் பாதையைப் போட்டவர்களில் முன்னால் நிற்பவர் நம்ம பண்டகசாலைக் கணக்கர்.

நட்டும் போல்ட்டும்

நான் மெக்கானிக்கல்காரன். எனக்குப் பட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

நம்ம பக்கத்துக் கோயில் கொடையில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். வேலன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். சாயங்காலம்தான் வந்து இறங்குவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்ததே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்தால், விடியற்காலை வரை நாரதரும் வள்ளியும் செய்கிற தர்க்கத்தில் ஒரு இடறல் இருக்காது. எப்படி? எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பது சுவாமிகள் வகுத்த ஒரே பாடம்.

எங்கோ செய்த நட்டு, எங்கோ செய்த போல்ட்டில் சரியாகப் பொருந்துகிறதென்றால் இரண்டுக்கும் அளவு ஒன்று என்று அர்த்தம். அந்த அளவை நிர்ணயம் செய்தவர் ஆபீஸில் உட்கார்ந்த எஞ்சினியர் இல்லை, ஊர் ஊராகச் சுற்றிய சாமியார். நூறு வருஷம் தாண்டியும் அவர் போட்ட ‘டிராயிங்’ வேலை செய்கிறது. நாம் செய்த எந்த மிஷினுக்கு இப்படி ஆயுசு உண்டு, சொல்லுங்க?

ஒரு கண்ணாடி அலமாரி

சுவாமிகள் எழுதிய நாடகங்கள் நாற்பது என்பார் உண்டு, 68 என்பாரும் உண்டு. எண்ணிக்கையே உறுதியாகவில்லை என்றால் எவ்வளவு தொலைந்திருக்கும் என்று பாருங்கள். அச்சில் நம் கைக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான்.

தொலைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்க தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர், நாடகப் பித்து. கேட்ட பாட்டையும் வசனத்தையும் நீள நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு, நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி பண்ணினது நான்தான். நாலு நோட்டு, பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் எந்த நாடகம் இருந்ததோ!

நம்ம மாவட்டம் கலைக்குப் பஞ்சம் இல்லாத மண். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு இருக்கிறது, முத்துசுவாமி தீட்சிதர் சமாதி இருக்கிறது. ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவில்லம். கோவில்பட்டியில் நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை, 2022இல் கி.ரா.வுக்கு நினைவரங்கம். அந்த ஊர்தான் காலண்டர் ஓவியர் கொண்டையராஜு வாழ்ந்து வரைந்த ஊர். இவ்வளவு பேரையும் ஒரே கூரையின் கீழ் காட்டும் அருங்காட்சியகம் கட்ட அரசாங்கத்தால்தான் முடியும். ஒரு கண்ணாடி அலமாரி வாங்க நம்மால் முடியாதா?

கல்லூரி நூலகத்தில் அந்த அலமாரியை வைக்க அனுமதி கேட்போம். செலவில் என் பங்கு தயார். அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்க வீட்டுப் பரணை ஒரு தடவை பாருங்கள். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, தாத்தா பாட்டி எழுதிய நோட்டு, எது இருந்தாலும் கொண்டு வாங்க. கொடுக்க மனசில்லை என்றால் ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கொடையில் நாடகம் நடந்தால் போனில் பதிவு செய்யுங்கள், வயசான கலைஞர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. அதை இனி படத்தில்தான் பார்க்க முடியும். நாடகத்துக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. கொடைக்குக் கொடை ஆர்மோனியம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வெள்ளையடிக்கும் முன்னால் பரணைப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
எடைக்குப் போட்ட ஒரு முன்னாள் மாணவன்
(இயந்திரவியல் பிரிவு)