ஸ்டீபன் திமோஷென்கோ

ஸ்டீபன் புரோகோபோவிச் திமோஷென்கோ (டிசம்பர் 22, 1878 – மே 29, 1972) பொறியியல் விசையியல் அறிஞர்களுள் ஒருவர் ஆவார். சுமை தாங்கும் பொருள் எவ்வளவு வளையும், எங்கே முறியும், எந்நிலையில் நிலைகுலையும் என்பவற்றை ஆராயும் துறை பொருள் வலிமையியல் ஆகும். கணித அறிஞர்களின் ஆய்வேடுகளில் இருந்த அத்துறையின் முடிவுகளை, வடிவமைப்புப் பொறியாளரின் மேசைக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர். இந்தியப் பொறியியற் கல்லூரிகளில் இவரைப் பற்றி அறியாதவர்களும் இவருடைய பாடநூல்களை அறிவர்.

இளமையும் கல்வியும்

அன்றைய உருசியப் பேரரசின் செர்னிகோவ் மாகாணத்தில், இன்றைய உக்ரைனில் உள்ள ஷ்பொட்டிவ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். ரோம்னி நகரில் படித்தபோது, பின்னாளில் இயற்பியலாளராகப் புகழ்பெற்ற ஆப்ராம் யோஃபே இவருடைய பள்ளித்தோழராக இருந்தார். சென் பீட்டர்ஸ்பர்க்கில் இருப்புப்பாதைப் பொறியியல் பயின்று 1901 இல் பட்டம் பெற்றார். 1905 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் சென்று லுட்விக் பிராண்டலிடம் ஆய்வு மேற்கொண்டார்.

கீவ் ஆண்டுகள்

1906 இல், தமது 27 ஆம் அகவையில், கீவ் பல்தொழில்நுட்பக் கழகத்தில் பொருள் வலிமையியல் பேராசிரியரானார். மெல்லிய தூண் ஒன்றை அழுத்தினால், அது நசுங்கும் முன்னரே பக்கவாட்டில் வளைந்து நொடித்துவிடக்கூடும். இந்த நெருக்கடிச் சுமையைச் சரியான சமன்பாடுகளின் வழியே காண்பது பல வேளைகளில் மிகக் கடினம். வளைவின் வடிவத்தை ஏறத்தாழ ஊகித்துக்கொண்டு, சுமை செய்யும் வேலையையும் பொருளில் சேரும் ஆற்றலையும் சமப்படுத்தினால், உண்மைக்கு மிக நெருங்கிய விடை கிடைக்கும் என்பதைத் திமோஷென்கோ பல கட்டமைப்புகளுக்குச் செய்து காட்டினார். பாலம் கட்டுபவருக்கு வேண்டியது இத்தகைய விடைதான்.

1911 இல் கல்வி அமைச்சர் காசோவுக்கு எதிரான கண்டன அறிக்கையில் கையொப்பமிட்டமையால் பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டு நிலைப்புத்தன்மை குறித்த ஆய்வுக்காகக் கிடைத்த ஷுராவ்ஸ்கி பரிசே, வேலையிழந்த காலத்தில் இவருக்குக் கைகொடுத்தது. பின்னர் சென் பீட்டர்ஸ்பர்க்கில் கற்பித்தார். 1918 இல் கீவ் திரும்பி, உக்ரைன் அறிவியல் கழகத்தை நிறுவுவதில் வெர்னாட்ஸ்கிக்குத் துணைநின்றார். அக்கழகத்தின் விசையியல் நிறுவனம் இன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

உத்திரக் கோட்பாடு

உத்திரம் வளையும்போது அதன் குறுக்குவெட்டுமுகங்கள் அச்சுக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பது ஆய்லர், பெர்னூலி வழிவந்த பழைய கோட்பாட்டின் எடுகோள். சீட்டுக்கட்டு ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றின்மீது ஒன்று நழுவுவதுபோல், வெட்டு விசையால் பொருளினுள்ளும் சாய்வு உண்டாகிறது. பழைய கோட்பாடு இதனைக் கணக்கில் எடுப்பதில்லை. வெட்டுமுகம் தட்டையாக இருந்தாலும் அச்சுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டியதில்லை எனக் கொண்டு, வெட்டுமுகத்தின் சுழற்சி நிலைமத்தையும் சேர்த்துத் திமோஷென்கோ சமன்பாட்டைத் திருத்தினார். இது 1921 இல் ஆங்கிலத்தில் வெளியானது. இதனை உருவாக்குவதில் பால் எரன்ஃபெஸ்டின் பங்கும் உண்டு. ஆதலால் இருவர் பெயராலும் இதனை வழங்குவோர் உளர்.

திருத்தம் எவ்வளவு பெரியது? இருமுனைகளிலும் தாங்கப்பட்டு, சீரான சுமை ஏற்ற செவ்வக வெட்டுமுக எஃகு உத்திரம் ஒன்றைக் கருதுக. அதன் நீளம் உயரத்தைப்போல் 20 மடங்கு எனில், வெட்டு விசையால் மிகும் தொய்வு சுமார் 0.6 விழுக்காடே, பழைய கோட்பாடே போதும். நீளம் 4 மடங்கு மட்டுமே எனில் அது சுமார் 16 விழுக்காடாகிவிடும். உயர் அதிர்வெண்ணில் அதிரும் உத்திரத்துக்கும் இது பொருந்தும். அப்போது நீண்ட உத்திரமும் பல குறுகிய அலைகளாகப் பிரிந்து, குட்டை உத்திரம்போல் நடந்துகொள்ளும். இன்றைய கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள்கள் பலவற்றில் இக்கோட்பாடு இடம்பெற்றுள்ளது.

புலம்பெயர்வு

இக்கட்டுரை வெளியான ஆண்டில் இவர் ஏதிலியாக யூகோஸ்லாவியாவில் இருந்தார். உள்நாட்டுப் போரில் கீவ் மீண்டும் மீண்டும் கைமாறியதால் அங்கிருந்து வெளியேறி, கான்ஸ்டாண்டிநோபிள் வழியாக அந்நாட்டை அடைந்து, சாகிரேப் நகரில் பேராசிரியரானார். இடையில் ஒருமுறை கீவ் சென்று குடும்பத்தினரையும் அழைத்து வந்தார். 1922 இல் அமெரிக்கா சென்று, 1923 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கிருந்த பொறியாளர்களுக்குக் கோட்பாட்டறிவு குறைவாக இருந்தது இவருக்கு வியப்பளித்தது. அவர்களுக்காக அந்நிறுவனத்திலேயே விரிவுரைகள் நடத்தினார். பேராசிரியராக இருந்தவர் ஆலையிலும் வகுப்பைத் தொடங்கிவிட்டார் என்றே கூறவேண்டும். 1927 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் 1936 இல் ஸ்டான்ஃபோர்டிலும் பேராசிரியரானார்.

நூல்கள்

பொறியியல் அதிர்வுகள் பற்றிய நூல் 1928 இலும், பொருள் வலிமையியல் நூல் 1930 இலும், மீள்மைக் கோட்பாட்டு நூல் 1934 இலும் ஆங்கிலத்தில் வெளியாயின. மீள்மை நிலைப்புத்தன்மை (1936), தகடுகளும் கூடுகளும் (1940) ஆகியவை தொடர்ந்தன. எளிய கணக்கில் தொடங்கி, அதன் எடுகோள் எங்கே பிழைக்கிறது என்று காட்டி, அடுத்த படிக்குச் செல்வது இவர் வழக்கம். தேர்வுக்குச் சூத்திரம் தேடுவோருக்கு இது சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். பொருள் வலிமையியலின் வரலாற்றை இவர் எழுதிய நூல் (1953) கணிதத்தில் அச்சம் உள்ளோரும் படிக்கத்தக்கது.

இறுதிக்காலம்

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1957 இல் இவர் பெயரால் பதக்கம் ஒன்றை நிறுவி, முதற் பதக்கத்தை இவருக்கே வழங்கியது. 1958 இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, தாம் முன்னர்க் கற்பித்த நகரங்களைக் கண்டார். முதுமையில் மகளுடன் வாழ மேற்கு ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே 1972 இல் காலமானார்.