தையல் கற்ற மருத்துவர்: அலெக்ஸிஸ் காரெல் (1873 - 1944)

நம்மவர் குடும்பங்களில் பைபாஸ் செய்துகொண்ட பெரியவர் ஒருவராவது இருப்பார். மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. காலின் உட்புறத்தில் இன்னொரு நீண்ட தழும்பு. நோய் நெஞ்சில் இருக்கக் காலை ஏன் கிழித்தார்கள் என்று என் மகள் சிறு வயதில் தன் தாத்தாவைக் கேட்டதுண்டு. காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதும், அவளுக்குப் பெரும் வியப்பு. இரத்தக் குழாயைக் கூடத் தைக்க முடியுமா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் மருத்துவ உலகமும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. முடியும் என்று காட்டியவர் அலெக்ஸிஸ் காரெல் என்ற பிரெஞ்சுக்காரர்.

காரெல் 1873ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பிரான்சின் லியோன் நகரை அடுத்த செயின்ட் ஃபுவா என்ற ஊரில் பிறந்தார். தந்தை துணி வணிகர். மகனுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் இறந்துவிட, தாய்தான் வளர்த்தார். பட்டு நெசவுக்கும் பூத்தையலுக்கும் பெயர் போனது லியோன்; நமக்குக் காஞ்சிபுரம் போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஊர்ப் பெருமை பின்னால் கதைக்கு உதவப்போகிறது.

1894ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் மாலை, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஸாடி கார்னோ லியோனுக்கு வந்திருந்தபோது, இத்தாலிய அராஜகவாதி ஒருவன் கூட்டத்திலிருந்து பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினான். கத்தி கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அறுத்துவிட்டது. ஊரின் தலைசிறந்த அறுவை மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் கார்னோ உயிர் நீத்தார். அறுந்த பெருங்குழாயைத் தைத்துச் சேர்க்க அந்நாளில் நம்பகமான முறை இல்லை. மருத்துவ மாணவரான காரெல், குழாயை மட்டும் தைக்கத் தெரிந்திருந்தால் அவரைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று வாதாடினார். மூத்தவர்களுக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டிருக்கும்.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. லியோனில் லெரூதியே அம்மையார் என்ற புகழ்பெற்ற பூத்தையல்காரர் இருந்தார். அவரிடம் போய் மாணவராக அமர்ந்து, மிக மெல்லிய ஊசியாலும் பட்டு நூலாலும் தைக்கக் கற்றுக்கொண்டார் காரெல். காகிதத்தில் தைத்துப் பழகினார் என்றும், தையல் இரு புறமும் தெரியாத அளவுக்குக் கை தேர்ந்துவிட்டது என்றும் சொல்வார்கள். மருத்துவப் பட்டம் பெறப்போகிற ஒருவர் தையல்காரப் பெண்மணியிடம் பாடம் கேட்டதை அவருடைய வாழ்வின் மிக அழகான பகுதி என்று நான் நினைக்கிறேன். அவரிடம் பணிவு இருந்ததற்குப் பிற்காலத்தில் இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பதில்லை.

இரத்தக் குழாயைத் தைப்பதில் என்ன சிரமம்? சட்டைக்குக் கை தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேர்கோட்டில் தைப்பது எளிது, வட்டத்தை வட்டத்தோடு தைப்பது கடினம். அந்த வட்டம் பென்சில் பருமனுக்கும் குறைவாக, ஈரமாக, வழுக்கிக்கொண்டு, தொட்டால் சுருங்குவதாக இருந்தால் எப்படி இருக்கும்! தையல் கொஞ்சம் பிசகினாலும் குழாய் குறுகிவிடும், கசியும். அதைவிடக் கொடியது, உட்சுவரில் சிறு காயமோ பிசிறோ இருந்தால் இரத்தம் அங்கே உறைந்து குழாயை அடைத்துவிடும்.

காரெல் கண்ட வழி கேட்பதற்கு மிக எளிமையானது. இரண்டு குழாய் முனைகளையும் எதிரெதிரே வைத்து, வட்டத்தில் சம தூரத்தில் மூன்று இடங்களில் மட்டும் முதலில் ஒவ்வொரு தையல் போட வேண்டும். பின் அந்த மூன்று நூல்களையும் மூன்று திசைகளில் மெல்ல இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். இப்போது தைக்க வேண்டியவை மூன்று நேர்கோடுகள்தாம். நூல் திசுவைக் கிழிக்காமல் வழுக்கிச் செல்ல அதில் வாசலின் தடவினார். உட்சுவர் உட்சுவரோடு பொருந்துமாறு விளிம்புகளைச் சற்றே வெளிப்புறம் திருப்பித் தைத்தார். இம்முறையை 1902ஆம் ஆண்டு லியோன் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அதே 1902ஆம் ஆண்டு இன்னொன்று நடந்தது. நம் ஊர்களில் லூர்து மாதா கோயில்களும் லூர்துசாமி என்ற பெயரும் நன்கு அறிமுகம். அந்த மூல லூர்துக்கு நோயாளிகளை ஏற்றிச் சென்ற ரயிலில் காரெலும் மருத்துவராகப் போனார். வயிற்றுக் காசநோயால் சாகும் தறுவாயில் இருந்த இளம்பெண் ஒருத்தி அங்கே சில மணி நேரத்தில் தேறியதைக் கண்ணால் கண்டு, கண்டதைச் சொல்லவும் செய்தார். மருத்துவர்கள் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்றனர். சமயவாதிகளோ இன்னும் சந்தேகப்படுகிறாரே என்று குறைபட்டனர். லியோன் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர் பதவி அவருக்குக் கிட்டாமலே போயிற்று. 1904இல், மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணமும் மனத்தில் இருக்க, கனடாவுக்குக் கப்பலேறினார். ஊரில் இடமில்லாமல் கடல் கடந்த கதை நம்மில் பலருக்குப் புதிதல்ல.

பண்ணை வைக்கவில்லை. அவ்வாண்டே சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே சார்லஸ் கத்ரி என்ற உடலியல் அறிஞரோடு சேர்ந்து அடுத்த இரண்டாண்டுகளில் அவர் செய்தவை மலைக்க வைப்பவை. நாய்களிலும் பூனைகளிலும் தமனியை எடுத்த இடத்தில் சிரையை வைத்துத் தைத்தார்கள். சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தினார்கள். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்வது தமனி. அது அழுத்தம் தாங்கும் தடித்த குழாய். இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது சிரை, அது மெல்லியது. தமனியின் இடத்தில் வைக்கப்பட்ட சிரை அழுத்தத்துக்கு ஏற்பத் தன் சுவரைத் தானே தடித்துக்கொள்வதை அவர்கள் கண்டார்கள். தாத்தாவின் காலிலிருந்து எடுத்த குழாய் நெஞ்சில் வேலை செய்வது இந்தக் குணத்தால்தான். 1912இல் நோபல் பரிசு காரெலுக்கு மட்டும் கிடைத்தபோது கத்ரிக்கு மனம் கசந்ததில் வியப்பில்லை. அந்தப் பரிசில் கத்ரிக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1906இல் காரெல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார். 1908இல் ஒரு நள்ளிரவு அவருடைய வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரின் பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை இரத்தக் கசிவால் இறந்துகொண்டிருந்தது. இரத்தம் உறையாமல் சேமிக்கும் முறை அப்போது இல்லை. தந்தையைக் குழந்தையின் அருகே படுக்க வைத்து, அவருடைய கைத் தமனியைக் குழந்தையின் காலில் இருந்த சின்னஞ்சிறு சிரையோடு நேராகத் தைத்துவிட்டார் காரெல். வெளுத்துக் கிடந்த குழந்தையின் உடல் சிவந்தது. குழந்தை பிழைத்தது.

நம் பொருளுக்கு நேரே வருவது 1910ஆம் ஆண்டுக் கட்டுரை. இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிந்து, அதில் சுண்ணாம்பும் சேர்ந்து குழாய் கெட்டிப்படுகிறது. வழி குறுகி நெஞ்சுவலி வருகிறது. சுண்ணாம்பேறிய வாயைத் திறக்க முயல்வதைவிட, அதற்கு அப்பால் புதிய குழாயொன்றை இணைத்துவிட்டால் என்ன என்று காரெல் எண்ணினார். ஒரு நாயின் மார்பைத் திறந்து, சேமித்து வைத்திருந்த கழுத்துத் தமனித் துண்டு ஒன்றின் ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை இதயத் தமனியிலும் தைத்தார். தையலுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இதயமோ மூன்றாவது நிமிடத்திலேயே தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது. இதயத்தைக் கையால் பிசைந்து இரண்டு மணி நேரம் உயிரோடு வைத்திருந்தும் நாய் இறந்தது. இதைச் செய்வதானால் மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று காரெல் எழுதி வைத்தார். வேலை நடக்கும் நேரத்தில் இதயத்துக்குப் பதிலாக இயங்கும் இயந்திரத்தை மனிதரில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியது 1953இல்தான். கால் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யும் முறையை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா மருத்துவர் நிலைநாட்டினார். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள்.

இதுவரை சொன்னவை கையால் செய்து காட்டியவை. இனி வருபவற்றில் சொல் கையை முந்திவிடுகிறது.

1912 ஜனவரியில் கோழிக் கருவின் இதயத் திசுத் துணுக்கு ஒன்றைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து வளர்க்கத் தொடங்கினார் காரெல். உடலுக்கு வெளியே திசுக்கள் வாழும், உயிரணுக்களுக்கு இயற்கையில் சாவே இல்லை என்று அறிவித்தார். பத்திரிகைகள் அதைச் சாகாத கோழி இதயம் ஆக்கின. ஆண்டுதோறும் அதற்குப் பிறந்தநாள் செய்தி வந்தது. உண்மையில் அங்கே இதயம் எதுவும் துடித்துக்கொண்டிருக்கவில்லை. பெருகிக்கொண்டிருந்தவை சாதாரண இணைப்புத் திசு உயிரணுக்கள். ஆய்வறைச் சுவர்கள் கருப்பு, உதவியாளர்களின் அங்கிகள் கருப்பு. உள்ளே போனவர்களுக்குக் கோயில் கருவறைக்குள் நுழைந்தது போல் இருந்திருக்கும். காரெலை விட அதிக நாள் அந்தக் கலம் இருந்தது. 1946இல் தான் அதை நிறுத்தினார்கள்.

ஆனால் மற்றவர்கள் முயன்றபோது உயிரணுக்கள் செத்தன. செத்தால் தங்கள் கைக்குத்தான் பக்குவமில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். நோபல் பரிசாளர் சொன்னது தவறாக இருக்குமா! 1961இல் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் சாதாரண மனித உயிரணுக்கள் ஐம்பது முறை அளவுக்குப் பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். காரெலின் கலத்தில் ஊட்டமாக ஊற்றிய கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் சேர்ந்து போயிருக்கக்கூடும் என்பது பின்னாளில் பலர் தரும் விளக்கம். அது கவனக்குறைவா, தெரிந்தே நடந்ததா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், அரை நூற்றாண்டுக் காலம் முதுமையைப் பற்றிய ஆய்வு திசைமாறிப் போயிற்று.

முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குத் திரும்பி, ஹென்றி டேக்கின் என்ற வேதியியல் அறிஞரோடு சேர்ந்து குளோரின் கலந்த கரைசலால் காயங்களைக் கழுவும் முறையை உருவாக்கினார். அழுகும் காயத்தால் கையையோ காலையோ இழக்க இருந்த வீரர் பலரை அது காப்பாற்றியது.

அட்லாண்டிக் கடலைத் தனியே விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் 1930இல் காரெலைத் தேடி வந்தார். மனைவியின் அக்காளுக்கு இதய வால்வில் கோளாறு. இதயத்தை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்க ஏன் முடியாது என்பது அந்த விமானியின் கேள்வி. இருவரும் உழைத்து 1935இல் ஒரு கண்ணாடிக் கருவியைச் செய்தார்கள். உடலிலிருந்து பிரித்தெடுத்த உறுப்புக்கு, நாடித்துடிப்புப் போல விட்டு விட்டு ஊட்டநீரைச் செலுத்தும் கருவி அது. பூனையின் தைராய்டு சுரப்பி அதில் பல நாள் உயிரோடு இருந்தது.

அதே 1935இல் காரெல் மனிதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார், உலகமெங்கும் விற்றது. அதில் தேர்ந்தெடுத்த மேன்மக்கள் ஆள வேண்டும் என்றும், கொடுங்குற்றவாளிகளையும் குற்றம் புரிந்த மனநோயாளிகளையும் நச்சுவாயுக் கூடத்தில் கொன்றுவிடலாம் என்றும் எழுதினார். மறு ஆண்டு ஜெர்மன் பதிப்பின் முன்னுரையில் ஹிட்லர் அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டினார். கண்ணாடிக் கலத்தில் பழுதான அணுவை ஒதுக்கி நல்லதை வளர்ப்பதைப் போல மனித இனத்தையும் செய்துவிடலாம் என்று அவர் நினைத்தார் போலும். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இரவில் எழுந்து ஓடிப்போய்ப் பச்சைக் குழந்தையின் காலில் தையல் போட்டவர் இதை எழுதினார் என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

1941இல், ஜெர்மானியருக்குப் பணிந்துபோன விஷி அரசு, மனிதப் பிரச்சினைகளை ஆராய ஒரு நிறுவனத்தை அமைத்து அதைக் காரெலிடம் ஒப்படைத்தது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றதும் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை வரும் முன், 1944 நவம்பர் 5ஆம் நாள் பாரிஸில் இறந்தார். பிறர் இதயத்துக்கு மாற்றுவழி எண்ணியவரைக் கொண்டுபோனதும் இதய நோய்தான். பிரித்தானி கரையில் அவர் வாங்கியிருந்த செயின்ட் கில்தாஸ் என்ற சிறு தீவில் அடக்கம் செய்தார்கள். பிரான்சில் பல தெருக்களுக்கு இட்டிருந்த அவருடைய பெயரை 1990களில் அகற்றினார்கள். லியோனில் அவர் பெயர் தாங்கியிருந்த மருத்துவக் கல்லூரியும் பெயர் மாறிற்று.

கால் சிரையை வைத்துச் செய்த பைபாஸும் நிலையானதல்ல. பத்தாண்டுகளில் அக்குழாய்களில் ஏறத்தாழப் பாதி அடைபட்டுப் போகின்றன. ஆகவே ஆய்வுக்கூடத்தில் புதிய குழாய் வளர்க்கும் முயற்சி 1980களிலிருந்து நடக்கிறது. கரையக்கூடிய சட்டத்தின்மீது தசை உயிரணுக்களை விதைத்து, நாடித்துடிப்புப் போல அழுத்தம் கொடுத்து வளர்ப்பது 1999இல் வெற்றி கண்ட ஒரு வழி. லிண்ட்பெர்க்கின் கண்ணாடிக் கருவியை அறிந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இவ்வாறு வளர்த்து, பின் உயிரணுக்களைக் கழுவி நீக்கிய மனிதத் திசுக் குழாய் ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அந்த அனுமதி, காயத்தில் தமனி அறுபட்ட கைகால்களுக்கு மட்டுமே. கெட்டிப்பட்ட இதயத் தமனிகளுக்கு அல்ல. ஊசி மூலம் குருத்தணுக்களைச் செலுத்தித் தமனிகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பார்க்கும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது. வளர்த்த குழாயானாலும் காலிலிருந்து எடுத்த குழாயானாலும், அதை உடலோடு சேர்க்கிற இடத்தில் மருத்துவர் கையில் இன்றும் இருப்பது மெல்லிய ஊசியும் நூலுமே.